கிரேக்க வேர் தெரிந்தால் ஸ்பானியம் பாதி வந்துவிடுமா?

தாவரவியலார் | ஞாயிறு, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். 32 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பத்தோடு ஸ்பெயினில், வலென்சியாவில் இருக்கிறாள். வரும் மாதம் அங்கே போய் இரண்டு மாதம் தங்கப்போகிறேன். பேத்திக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் ஸ்பானியத்தில்தான் வரும். அதனால் இந்த வயதில் ஒரு புது மொழி.

போன வாரம் மகள் இரண்டு படங்கள் அனுப்பினாள். முதலாவது, பேத்தியின் அறிவியல் பாடநூலில் ஒரு பக்கம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஃபோத்தோசின்தெசிஸ், க்ளொரொஃபீலா, க்ளொரொப்லாஸ்தோ, எஸ்தோமா. அகராதியைத் தொடவே இல்லை, முழுப் பக்கமும் புரிந்துவிட்டது. காலமெல்லாம் நடத்தியதே அதுதானே! இரண்டாவது படம், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மளிகைச் சீட்டு. அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஒளிச்சேர்க்கையைப் பற்றி ஸ்பானியத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கக்கூடியவனுக்கு அந்த ஊரில் வெங்காயம் வாங்கத் தெரியாது.

இதிலிருந்து எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. அறிவியல் சொற்களை ஆங்கிலமும் ஸ்பானியமும் ஒரே கிரேக்கக் கிடங்கிலிருந்து எடுத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பிஎச் என்று இருந்தால் ஸ்பானியத்தில் எஃப். டிஎச் இருந்தால் வெறும் டி. ஒய் இருந்தால் ஐ. 'க்' என்று ஒலிக்கும் சிஎச் இருந்தால் சி அல்லது க்யூ. இந்த நான்கு மாற்றங்களையும் ஐம்பது வேர்களையும் கற்றுக்கொண்டால் பல ஆயிரம் சொற்கள் இலவசம். வீட்டுச் சொற்களை மட்டும் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளலாம், அவற்றுக்கும் கிரேக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கணக்கு சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாமாண்டு | ஞாயிறு, காலை 8.15

வேதியியலிலும் இதே கதைதான் ஐயா. தெர்மொதினாமிக்கா, எலெக்த்ரோலிசிஸ் எல்லாம் பார்த்தவுடன் புரிந்துவிடுகின்றன. இன்னொரு வசதியும் உண்டு. ஸ்பானிய 'த' நம்முடைய 'த'தான், நாக்கு பல்லில் படும். ஆங்கிலேயரின் 'ட'வைவிட நமக்கு எளிது.

சொல்வேட்டை | ஞாயிறு, காலை 9.02

அந்த மளிகைச் சீட்டில் என்னென்ன இருந்தன என்று அப்படியே எழுதுங்கள் ஐயா. 'சம்பந்தம் இல்லை' என்ற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

தாவரவியலார் | ஞாயிறு, காலை 9.40

மகளிடம் கேட்டுப் பொருளோடு எழுதுகிறேன். அர்ரோஸ் என்றால் அரிசி. அசெல்கா ஏதோ தண்டுள்ள கீரை. பெரெஹில் பார்ஸ்லி. அல்மேந்த்ரா பாதாம். தாத்தில் பேரீச்சை. புல்ப்போ ஆக்டோபஸ். செபோயா வெங்காயம். ஆக்டோபஸ் மருமகனுக்காம். நான் சைவம்.

சொல்வேட்டை | ஞாயிறு, காலை 11.30

நினைத்தேன். ஏழில் ஆறு கிரேக்கம்!

பெரெஹிலை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் அது பெத்ரோசெலினோன். பெத்ரா என்றால் பாறை, செலினோன் என்றால் செலரி வகைச் செடி. பாறையில் முளைக்கும் செலரி. லத்தீனில் நுழைந்து, பிரான்சின் பக்கமாகச் சுற்றி வந்து, ஸ்பானியர் வாயில் பெரெஹில் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் பார்ஸ்லி ஆயிற்று. இரண்டும் ஒரே சொல் என்று பார்த்தால் யாராவது சொல்வார்களா? பெட்ரோலியத்தின் தலையில் இருக்கும் பெத்ராவும் இதே பாறைதான்.

தாத்தில், தக்திலோஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள் விரல். பேரீச்சம்பழத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தின் டேட் என்பதும் அதே விரல்தான். டைனோசர் காலத்துப் பறக்கும் விலங்கான டெரோடாக்டில் என்பதன் பொருள் 'சிறகுவிரல்'. உங்கள் கணக்குப்படி டெரோடாக்டில் இலவசப் பட்டியலில் வரும், பேரீச்சை மனப்பாடப் பட்டியலுக்குப் போய்விடும். இரண்டும் ஒரே விரல்!

அல்மேந்த்ரா, ஆல்மண்ட் இரண்டும் அமிக்தலே என்ற சொல்லின் பேரப்பிள்ளைகள். மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் பகுதிக்கு அமிக்டலா என்று பெயர் வைத்தார்களே, அது அதே சொல்லைச் சட்டை மாற்றாமல் கூட்டிவந்தது.

புல்ப்போதான் எனக்கு மிகப் பிடித்தது. கிரேக்கத்தில் பொலிபூஸ், 'பலகாலி'. மீனவர்கள் பல நூற்றாண்டு மென்று மென்று புல்ப்போ ஆக்கிவிட்டார்கள். பிறகு மருத்துவர்கள் அதே சொல்லை நூலிலிருந்து மறுபடி எடுத்து போலிப்போ என்றார்கள். குடலில் வளரும் சதைக்கட்டியைக் குறிக்கும் சொல், ஆங்கிலத்தில் பாலிப். ஒரே சொல் ஒரு மொழிக்குள் இரண்டு முறை குடியேறியிருக்கிறது, ஒருமுறை படகில், ஒருமுறை புத்தகத்தில். ஆங்கிலமோ காலை எண்ணிவிட்டு 'எட்டுக்காலி' என்ற கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டது.

அர்ரோஸும் அசெல்காவும் வேறு வழியில் வந்தவை. இவற்றின் முன்னால் நிற்கும் 'அ', அரபு மொழியின் 'அல்' என்ற முன்னொட்டின் மிச்சம். ஸ்பெயினின் பெரும்பகுதி நெடுங்காலம் அரபு மொழி புழங்கிய நிலம். கிரேக்க அறிவியலில் பெரும்பகுதியும் அரபிக்குள் போய்விட்டுத்தான் மேற்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியது. 1175இல் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்து, தாலமியின் வானியல் நூலை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அந்த நூலை இன்றும் அல்மஜெஸ்ட் என்கிறோம். முன்பாதி அரபு, பின்பாதி 'மிகப் பெரியது' என்னும் கிரேக்க மெகிஸ்தே. வாலைவடிக்கும் கலமான அலம்பீக்கே அப்படி வந்ததுதான். தங்கத்தின் தரம் சொல்லும் கிலாத்தேயும் அப்படியே, கிரேக்கத்தில் கேராத்தியோன், ஒரு மரத்தின் விதை. நம் நகைக்கடைக் காரட் அதன் உறவு. அசெல்கா என்பதற்கு 'சிசிலிக்காரி' என்று பொருளாக இருக்கலாம் என்கிறார்கள். கீரைக்கு ஊர்ப்பெயர் வைப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

ஆகவே உங்கள் 'வீட்டுச் சொல், அறிவியல் சொல்' என்ற பிரிவினையை நான் ஏற்கவில்லை. ஸ்பானியர் மாமாவையும் சித்தப்பாவையும் தீயோ என்பார்கள், அது கிரேக்கத் தெய்யோஸ். 'ஒவ்வொரு' என்பதற்கு காதா, அது கிரேக்கக் கதா, எதிர்மின்வாயைக் குறிக்கும் கேத்தோடு என்பதன் முன்னாலும் நிற்பது. 'அடி' என்பதற்குக் கோல்ப்பே, கிரேக்கத்தில் கன்னத்தில் விழும் அறை. 'சொல்' என்பதற்கே பலாப்ரா என்பார்கள். அது கிரேக்கப் பரபோலே, கணக்கு வகுப்பில் வரைந்த பரவளையத்தின் அதே பெயர்!

ஆதிமொழி | ஞாயிறு, பகல் 12.05

அர்ரோஸ் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. கிரேக்கத்தில் அது ஒரிசா. அது எங்கிருந்து வந்தது? நம் அரிசி. தோண்டிப் பார்த்தால் எல்லாக் கிரேக்கச் சொல்லும் தமிழில்தான் போய் நிற்கும்.

சொல்வேட்டை | ஞாயிறு, பகல் 12.40

அரிசி என்று சொல்பவர்கள் உண்டு. வடமொழியின் விரீஹியோடு உறவுள்ள ஏதோ ஒரு கிழக்கு ஈரானியச் சொல் என்பவர்களும் உண்டு. முடிவாகவில்லை. ஒன்றிலிருந்து 'எல்லா'வுக்குத் தாவாதீர்கள் அண்ணா.

எதிர்த்திசையில் வந்தவற்றைச் சொல்லட்டுமா? சோதிடர் சொல்லும் ஓரை கிரேக்கச் சொல். ஹோரா என்று வடமொழி வழியாக வந்தது. ஸ்பானியத்தில் மணி நேரத்துக்கு அதே சொல்தான். எச் எழுதுவார்கள், ஒலிக்கமாட்டார்கள், ஆகையால் காதில் விழுவது 'ஓரா'. நம் ஓரைக்கு ஆங்கில ஹவரைவிட எவ்வளவு நெருக்கம்! ரெலோஹ் என்ற ஸ்பானியக் கடிகாரத்துக்குள்ளும் அந்த ஓரை ஒளிந்திருக்கிறது, ஹோரோலோகியோன், 'மணி சொல்லி'. கேந்திரம் இன்னொன்று. கிரேக்கத்தில் கென்த்ரோன் என்றால் கூர்முனை, வட்டம் வரையும்போது ஊன்றி நிற்கும் முள். ஸ்பானியத்தில் சென்த்ரோ, ஆங்கிலத்தில் சென்டர், நம் சாதகக் கட்டத்தில் கேந்திரம்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, பகல் 1.10

அரிசி, ஒரிசா விவாதத்தைத் தனி இழையாகப் பிரித்துவிட்டேன். இந்தப் பெயரில் நடக்கும் ஐந்தாவது இழை அது. இங்கே ஸ்பானியத்தோடு நிற்கவும்.

இடையாள் | ஞாயிறு, மாலை 5.20

நான் டெக்சாஸில் மருத்துவத் துறையில் ஸ்பானிய, ஆங்கில வாய்மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தாவரவியலார் ஐயாவின் கணக்கில் எனக்குப் பயம் வருவதால் எழுதுகிறேன்.

மருத்துவர் எழுதும் அறிக்கையை வாசிக்க உங்கள் ஐம்பது வேரும் போதும், மறுக்கவில்லை. ஆனால் எதிரே உட்காரும் நோயாளி அப்படிப் பேசமாட்டார். அறிக்கையில் செஃபலேயா என்று இருக்கும், நோயாளி 'தோலோர் தெ கபேசா' என்பார். தலை வலிக்கிறது, அவ்வளவுதான். அறிக்கையில் நெஃப்ரோ என்று தொடங்கும் சொல் வரும், நோயாளி தன் ரின்யோனைத் தொட்டுக் காட்டுவார். ஆங்கிலத்திலும் இதே ஏற்பாடுதானே, சிறுநீரகத்துக்கு ஒரு பெயர், அதைப் பார்க்கும் மருத்துவருக்கு வேறு மொழியில் ஒரு பெயர்.

சொற்கள் ஒத்திருக்கும் இடம்தான் இன்னும் மோசம். ஸ்பானியத்தில் அமீக்தலாஸ் என்றால் தொண்டையின் இருபுறமும் இருக்கும் டான்சில். பாதாம் வடிவம் அதற்கும் உண்டு அல்லவா? மூளையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யாராவது நினைத்தால் ஐஸ்க்ரீமோடு முடிய வேண்டிய பேச்சு எங்கேயோ போய்விடும். ஃபீசிக்கோ என்றால் இயற்பியலாளர், ஃபிசிஷியன் என்றால் மருத்துவர். இரண்டும் இயற்கை என்னும் ஃபிசிஸ்தான்.

எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் சம்பவம் ஒன்று. 1980இல் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞனை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கூட வந்த குடும்பத்தினர் 'இன்தொக்சிக்காதோ' என்றார்கள். கியூபா நாட்டவர் பேச்சில் அதற்கு, சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். ஆங்கிலக் காதுக்கு அது 'இன்டாக்சிகேட்டட்' என்று கேட்டது. போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவன் என்று முடிவு கட்டி அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கையும் காலும் செயலிழந்துபோயின. இழப்பீடு 7 கோடி டாலரைத் தாண்டியது.

அந்தச் சொல்லின் வேரும் கிரேக்கம்தான். தொக்சோன் என்றால் வில். தொக்சிக்கோன் என்றால் அம்பில் தடவும் நஞ்சு. இரண்டு மொழிக்கும் ஒரே வில், ஒரே நஞ்சு. வேர் அத்தனை சரியாகத் தெரிந்திருந்தும் என்ன பயன்?

கோபமாக எழுதிவிட்டேனோ? ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். மிக்ரான்யா, ஆங்கில மைக்ரேன் இரண்டும் கிரேக்க ஹெமிக்ரானியா, 'பாதி மண்டை'. ஸ்பானியத்தில் அதற்கு ஹாக்கேக்கா என்று இன்னொரு சொல் இருக்கிறது, அது அரபியிலிருந்து வந்தது, அதற்கும் 'பாதி' என்றுதான் பொருள். என் அம்மா அதை ஒற்றைத் தலைவலி என்பார். யாரும் யாரிடமும் கேட்டு வைத்த பெயராகத் தெரியவில்லை. வலித்தவர்களுக்குத் தெரியும், பாதித் தலைதான் வலிக்கும்.

மூன்றாமாண்டு | ஞாயிறு, மாலை 5.55

கல்லீரலுக்கும் கிரேக்கமா அக்கா? ஹெப்பாட்டிக் என்று ஆங்கிலத்தில் வருகிறதே.

இடையாள் | ஞாயிறு, மாலை 6.30

எப்பாத்திக்கோ உண்டு, அறிக்கையில். கடையிலும் வீட்டிலும் கல்லீரல் என்றால் ஈகாதோ. அதன் கதை விசித்திரமானது. வாத்துக்கு அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்கவைத்து, அதன் ஈரலைச் சமைப்பது கிரேக்கர் வழக்கம். அந்தப் பண்டத்தை 'அத்தி ஊட்டிய ஈரல்' என்றார்கள். ரோமானியர் அதை லத்தீனில் மொழிபெயர்த்தார்கள், அத்திக்கு ஃபீக்குஸ், அதிலிருந்து ஃபிக்காத்தும். நாளடைவில் ஈரல் என்ற சொல் உதிர்ந்து 'அத்தி ஊட்டியது' மட்டும் மிஞ்சியது, அதுவே ஈகாதோ. இன்றைய கிரேக்கரும் கல்லீரலை அத்தியின் பெயராலேயே சிக்கோத்தி என்கிறார்கள். ஒலி லத்தீன், எண்ணம் கிரேக்கம். ஐம்பது வேர்ப் பட்டியலில் இது எந்த வரியில் வரும்?

தாவரவியலார் | ஞாயிறு, இரவு 8.45

இடையாள் அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு வாயடைத்துப் போனேன். ஆனாலும் இன்று இன்னொரு பாடம் படித்துவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகள் வீட்டில் வங்கிக் கடிதம் ஒன்றைப் படம் எடுத்து, 'அப்பா, இதன் தலைப்பு என்னவென்று சொல்லுங்கள்' என்று சோதனை வைத்தாள். தலைப்பு இப்போத்தேக்கா. எழுத்தில் முன்னால் ஒரு எச் இருக்கிறது. நான் வேர் பிரித்தேன். பிப்லியோத்தேக்கா என்றால் நூலகம், பிப்லியோ நூல், தேக்கா பெட்டி. ஆகவே தேக்கா பெட்டி. இப்போ என்பது ஹிப்போ, ஹிப்போபொட்டாமஸில் வரும் குதிரை. ஆக, குதிரைப் பெட்டி! வங்கியில் எதற்குக் குதிரைப் பெட்டி என்று ஒரு நிமிடம் யோசித்தேன். குதிரைப் பந்தயமோ, உண்டியலோ.

வீட்டுக் கடன் அடமானமாம். பேத்தி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். 'இப்போதே கட்டு' என்று பொருள் சொல்லியிருந்தால்கூடப் பாதி மதிப்பெண் கிடைத்திருக்கும்.

சொல்வேட்டை | ஞாயிறு, இரவு 10.10

ஐயா, நீங்கள் தோற்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. தவறு உங்களுடையதல்ல, ஸ்பானிய எழுத்துமுறையினுடையது.

கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை, ஹிப்போ என்றால் கீழே. எழுத்து வேறு, ஒலி வேறு. தமிழில் எழுதும்போது எனக்கும் ஒன்றுபோலாகிவிடுகிறது, அது வேறு வருத்தம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது, குதிரைக்கு ஐயும் இரண்டு பியும், கீழேவுக்கு ஒய்யும் ஒரு பியும். ஸ்பானியத்தில் இரண்டும் ஒரே நான்கெழுத்து. குதிரைப் பந்தயத் திடலும் தோலுக்குக் கீழே போடும் ஊசியும் ஒரே மாதிரி தொடங்கும். போதாக்குறைக்கு அந்த நான்கெழுத்துக்குத் தனியே விக்கல் என்றும் பொருள். ஃபெலிப்பே என்ற அரசர் பெயரின் வாலிலும் அந்தக் குதிரை உண்டு, 'குதிரைப் பிரியன்'.

உங்கள் துறையிலேயே பாருங்கள். க்ளொரொஃபீலாவின் ஃபீலா, ஃபில்லோன் என்ற இலை. புத்தகப் பிரியனான பிப்லியோஃபிலோவில் வருவது ஃபிலோஸ் என்ற அன்பு. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ஒய், இரண்டு எல். மற்றதற்கு ஐ, ஒரு எல். ஸ்பானியத்தில் இலையும் அன்பும் ஒன்றாகிவிட்டன. கவிஞர்களுக்கு நல்லது, மாணவர்களுக்கு அல்ல.

இது தானாக நடந்ததன்று, ஸ்பானிய மொழிக்கு விதி வகுக்கும் அரச கழகம் முடிவெடுத்துச் செய்தது. 1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச கழகம் 1741இல் எழுத்திலக்கண நூலை வெளியிட்டது. அட்டையில் ஒர்த்தொக்ராஃபியா என்ற சொல், டிஎச்சும் பிஎச்சும் போட்டுக் கிரேக்கக் கோலத்தில் நிற்கிறது. 1754இல் இரண்டாம் பதிப்பு. அதே சொல், அட்டையிலேயே டிஎச் வெறும் டி ஆகிவிட்டது, பிஎச் எஃப் ஆகிவிட்டது! நூலின் பெயரே நூல் சொல்லும் விதிக்கு முதல் பலி. நீங்கள் நான்கு மாற்றம் என்று சொன்னீர்களே, அதில் இரண்டை அந்த அட்டையிலேயே பார்க்கலாம்.

ஆகவே என் கட்சி இது: கிரேக்கத்தைச் சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துதான், படிக்கத்தான் முடியாது.

மூன்றாமாண்டு | ஞாயிறு, இரவு 10.50

சேமித்தா? வயிற்றுப்போக்கை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத என் வகுப்பில் பாதிப் பேருக்கு வராது. ஆர், ஆர், எச், ஓ, இ, ஏ. ஸ்பானியர் தியர்ரேயா என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நுரையீரல் அழற்சியின் தலையில் ஒலிக்காத பி ஒன்றை ஆங்கிலம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது, ஸ்பானியர் அதை இறக்கிவிட்டு நெவுமோனியா என்கிறார்கள். மனிதனுக்காகத்தானே எழுத்து?

எனக்கு இன்னொரு ஐயம் அண்ணா. இவற்றைக் கிரேக்கச் சொற்கள் என்று சொல்வதே சரியா? பழைய கிரேக்கர் ஒருவரும் ஆக்சிஜன் என்று சொன்னதில்லை. லவுவாசியேவும் கிட்டோன் த மொர்வோ, பெர்த்தொலே, ஃபுர்க்ருவா ஆகியோரும் 1787இல் பாரிசில் வெளியிட்ட பெயரிடல் நூலின் வழியே பரவிய பிரெஞ்சுச் சொல் அது. அடுத்த ஆண்டே, 1788இல், பெத்ரோ குத்தியெர்ரெஸ் புவேனோ மாட்ரிடில் அதை ஸ்பானியமாக்கி வெளியிட்டுவிட்டார். பொருள் 'அமிலம் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று லவுவாசியே நம்பினார். குளோரின் ஒரு தனிமம்தான் என்று 1810இல் ஹம்ப்ரி டேவி காட்டியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லவே இல்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது. ஒக்சீஹெனோ என்று ஸ்பானியர் சொன்னாலும் ஆக்சிஜன் என்று ஆங்கிலேயர் சொன்னாலும் இருவரும் சேர்ந்தே ஒரு பிழையைச் சொல்கிறார்கள்.

ஆனோடு, கேத்தோடு கதையும் இப்படித்தான். 1834இல் மின்பகுப்புக்குப் பெயர்கள் தேவைப்பட்டபோது மைக்கேல் ஃபாரடே கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதினார். அவர் எடுத்துக்கொடுத்தவை அவை. மேலே போகும் வழி, கீழே போகும் வழி. நடுவில் அலையும் அயனுக்கு 'போவது' என்று பொருள். ஸ்பானியத்தில் ஆனொதோ, காத்தொதோ. கிரேக்கக் கல்லை எடுத்து லண்டனில் கட்டிய வீடு. கல் யாருடையது என்பதற்காக வீட்டைக் கிரேக்க வீடு என்பதா?

மாட்ரிட்வாசி | திங்கள், அதிகாலை 2.15

இங்கே இன்னும் இரவு பத்தாகவில்லை, அதனால் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை. ஸ்பானியத்தில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. 'ஆ'வில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். ஆனால் ப்ரொப்லேமா, சிஸ்தேமா, க்ளீமா, தெயொரேமா எல்லாம் ஆண்பால். ஏனென்றால் இவை கிரேக்கத்தில் 'மா' என்று முடியும் அஃறிணைப் பெயர்கள். வேர் தெரிந்தவனுக்கு இங்கே உண்மையிலேயே லாபம். பிறகு தியதேமா என்ற மணிமுடி வரும், அசல் கிரேக்கம், ஆனாலும் பெண்பால், உங்கள் விதியைத் தூக்கிக் குப்பையில் போடும்.

கொமேத்தா பற்றி எச்சரிக்கிறேன். கிரேக்கத்தில் 'நீளமுடிக்காரன்'. ஆண்பாலாகச் சொன்னால் வால்நட்சத்திரம், பெண்பாலாகச் சொன்னால் பட்டம். வந்த புதிதில் ஒரு பொம்மைக் கடையில் மகனுக்கு வால்நட்சத்திரம் கேட்டேன். கடைக்காரர் சிரிக்காமல் கூரையைக் காட்டினார். கோலெராவும் அப்படித்தான், ஆண்பாலில் காலரா, பெண்பாலில் கோபம். இரண்டிலும் இருப்பது பித்தம்.

தம்பி மூன்றாமாண்டுக்கு: கிரேக்கக் கல்லை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மட்டும் எடுக்கவில்லை. அறுவை அரங்குக்கு ஸ்பானியத்தில் கிரோஃபனோ. 'கை' என்னும் கிரேக்கச் சொல்லும் 'காட்டு' என்பதும் சேர்ந்தது. மாணவர்கள் வெளியே நின்று பார்ப்பதற்காகக் கண்ணாடிச் சுவர் வைத்த அரங்குகள் அந்தக் காலத்தில் இருந்தன, அதற்கு வைத்த பெயர். கண்ணாடி போய்விட்டது, பெயர் இருக்கிறது. இது ஸ்பானியர் தாமே கட்டிய வீடு, ஆங்கிலத்தில் இதற்கு இணை கிடையாது. அதே 'கை' சிருஹீயா என்ற அறுவை மருத்துவத்திலும் இருக்கிறது, ஆங்கில சர்ஜரியிலும் இருக்கிறது, அடையாளம் தெரியாமல்.

இன்னொன்று. ஸ்பானியர் நாக்குக்கு 'ஸ்'ஸில் தொடங்க வராது. ஸ்பியர் என்பது எஸ்ஃபேரா, ஸ்போர் என்பது எஸ்போரா. இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொன்னதற்காக என் பாட்டியைக் கேலி செய்தவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும், அரச கழகமே அப்படித்தான் எழுதுகிறது.

தாவரவியலார் | திங்கள், காலை 7.05

இரவு முழுக்க அந்தக் குதிரைப் பெட்டி மனதை விட்டுப் போகவில்லை. காலையில் எழுந்து அகராதியோடு உட்கார்ந்தேன். கண்டதைச் சொல்கிறேன், சொல்வேட்டை திருத்தட்டும்.

தேக்காவைப் 'பெட்டி' என்று நிறுத்தியதுதான் என் பிழை. அதற்கும் கீழே ஒரு வினை இருக்கிறது, தித்தேமி, 'வைக்கிறேன்'. நூலை வைக்கும் இடம் பிப்லியோத்தேக்கா. ஒதுக்கி வைக்கும் இடம் அப்போதேக்கே, அதுவே தேய்ந்து ஸ்பானியத்தில் பொதேகா என்ற ஒயின் கிடங்கு, பொத்தீக்கா என்ற மருந்துக்கடை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பொட்டீக் என்ற துணிக்கடை. கீழே வைப்பது இப்போத்தேக்கா. நாமும் அடகு வைக்கத்தானே செய்கிறோம்? வாதத்துக்கு அடியில் வைப்பது இப்போத்தெசிஸ், ஆங்கில ஹைப்பாதெசிஸ், நம் கருதுகோள். எதிரே வைத்தால் அன்தீத்தெசிஸ். பேசுவதற்காக முன்னே வைத்த பொருள் தேமா, நம் யாப்பிலக்கணத் தேமா இல்லை. சேர்த்து வைத்தால் சின்தெசிஸ். ஒளியால் சேர்த்து வைத்தால்...

32 ஆண்டுகள் வகுப்பில் சொன்ன சொல் அது. வங்கிக் கடிதத்துக்கும் அதற்கும் ஒரே வேர் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது.

சொல்வேட்டை | திங்கள், காலை 7.50

திருத்த ஒன்றுமில்லை ஐயா. ஒரு சேர்க்கை மட்டும். மாட்ரிட்வாசி சொன்ன எஸ்ஃபேராவின் முன்னால் ஒட்டும் 'எ'வுக்கு இலக்கணத்தில் ப்ரோத்தெசிஸ் என்று பெயர், 'முன்னால் வைத்தது'. செயற்கைக் காலுக்கும் ஸ்பானியத்தில் அதே சொல். பாட்டியின் இஸ்கூலுக்கும் தித்தேமி உண்டு.

இடையாள் | திங்கள், காலை 8.20

அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் போகும்போது மருந்துச் சீட்டை வேர் பிரித்துப் படிக்காதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தாவரவியலார் | திங்கள், காலை 8.35

சரி அம்மா, அப்படியே செய்கிறேன். மளிகைச் சீட்டில் ஆறு சொற்கள் இப்போது மறக்காது. ஏழாவதான செபோயா மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. அதன் கிரேக்க வேரை யாராவது சொல்லுங்களேன்.

சொல்வேட்டை | திங்கள், காலை 8.40

அது லத்தீன்.